கோப்பை நித்தவெலவில், கூட்டம் எங்கே?

கண்டிக்காரருக்கு றக்பி அலுத்துவிட்டது என்று சொல்பவர், பிரட்பி கேடய நாளில் இந்த ஊர்ப்பக்கம் எட்டியே பார்க்காதவராகத்தான் இருக்கவேண்டும். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரினிட்டிக் கல்லூரியும் 1920 முதல் மோதிவருகின்றன. றோயலின் அதிபராக இருந்த பிரட்பியின் பெயரிலான கேடயத்துக்கு 1945 முதல் ஆடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு ஆட்டம், ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்ற தீர்ப்பு. கண்டி ஆட்டத்தன்று பேராதனைப் பக்கமிருந்தே வாகனங்கள் ஊர்ந்துதான் வரும். அறுபது வயதைத் தாண்டிய 'பையன்கள்' கல்லூரி நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு பப்பரே வாத்தியத்துக்கு ஆடுவார்கள். ஸ்க்ரம் எது, லைன்அவுட் எது என்று தெரியாத மாமிமார்கூட தாங்கள் யார் பக்கம் என்பதில் தெளிவாக இருப்பார்கள்.

அதே ஊரில், கழகங்களுக்கிடையிலான லீக் நடக்கும் காலத்தில், ஒரு சாதாரண சனிக்கிழமை நித்தவெல மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆடுவது கண்டி விளையாட்டுக் கழகம். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த நாட்டுக் கழக றக்பியில் அதற்கு நிகராக வென்ற இன்னொரு கழகம் இல்லை. பவிலியன் பக்கம் வழக்கமான முகங்கள் இருக்கும். எதிர்ப்புறப் புல்மேட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார இடம் கிடக்கும். வந்திருப்பது ஹெவ்லொக்காகவோ சி.ஆர். அண்ட் எப்.சி.யாகவோ இருந்தால் கதை வேறு, அன்று நிற்கவும் இடம் தேடவேண்டும். கொழும்புக் கழக மைதானங்களோடு ஒப்பிட்டால் நித்தவெலவின் கூட்டம் இன்றைக்கும் பொறாமைப்படத்தக்கதுதான். ஆனால் ஒரு கழகத்தின் உடல்நிலை பெரிய ஆட்டத்தில் தெரிவதில்லை. பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணி வரும் சனிக்கிழமைதான் அதைக் காட்டும்.

அந்தச் சனிக்கிழமையில் ஏன் ஆளில்லை? ஊரில் கேட்டால் பதில் உடனே வரும்: முன்னைப்போல ஆட்டக்காரர் இல்லை, எல்லாம் போனிலேயே பார்க்கலாம், சாமான் விலை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பிரட்பியும் போனில் வருகிறது, அதற்கும் காசு செலவாகிறது. அங்கே இதெல்லாம் தடையாக இல்லையே.

வென்றதால் வந்த வினை

கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. கோப்பித் தோட்டங்களின் காலம் அது, தேயிலை இன்னும் முழுதாகத் தலையெடுக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து 1879இல் கொழும்பு புட்போல் கழகம் அமைந்ததிலிருந்துதான் இலங்கை றக்பியின் வரலாற்றை வழக்கமாகத் தொடங்குவார்கள். பாடசாலை றக்பியோ கண்டியின் பிள்ளை. 1906இல் கிங்ஸ்வூட்டும் திரினிட்டியும் ஆடிய முதல் பாடசாலை ஆட்டம் யாருக்கும் வெற்றியின்றி முடிந்தது. இத்தனை பழைமை இருந்தும், கழக றக்பியின் பெரிய பரிசான கிளிபர்ட் கோப்பை கண்டிக்கு ஏறி வர 1992 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதுவரை அது பெரும்பாலும் கொழும்பாருக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. இன்றும் பெரிய கழகங்களில் பல கொழும்பில் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் இருப்பவைதான். லோங்டன் பிளேசில் சி.ஆர்., ஹெவ்லொக் பார்க்கில் ஹெவ்லொக், கூப்பிடுதூரத்தில் பொலிஸ் பார்க்.

ஆகவே தொண்ணூறுகளில் நித்தவெலவுக்குத் திரண்ட கூட்டம் ஒரு விளையாட்டைப் பார்க்க மட்டும் வந்ததல்ல. தலைநகரைத் தோற்கடிப்பதைப் பார்க்க வந்தது. பின்னாளில் அமைச்சரான மலிக் சமரவிக்ரம கழகத்தை நடத்திய காலம் அது. பணம் வந்தது, பயிற்றுநர்கள் வந்தார்கள், பசிபிக் தீவுகளிலிருந்து வாட்டசாட்டமான ஆட்டக்காரர்கள் வந்திறங்கினார்கள். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று ஆடியவர்கள் திரினிட்டி, கிங்ஸ்வூட், தர்மராஜ, வித்யார்த்த, அந்தோனியார் என்று ஊர்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள். பக்கத்து ஒழுங்கைப் பையன் சர்வதேச வீரனோடு சேர்ந்து கொழும்பானை மண்கவ்வ வைக்கிறான் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

பிறகு வெற்றி வழக்கமாகிவிட்டது. 2000களில் கண்டி வெல்லாத ஆண்டுதான் செய்தி. ஊர் பெருமைப்பட்டது, ஆனால் பதற்றம் போய்விட்டது. முதல் பாதியிலேயே முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு மழையில் நனைந்துகொண்டு போக எவருக்குக் கால் வரும்? அமெரிக்கப் பொருளியலாளர் வோல்ட்டர் நீல் 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலைக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசை வைத்து விளக்கினார். மற்றத் தொழிலில் போட்டியாளன் ஒழிந்தால் இலாபம். குத்துச்சண்டையில் எதிராளி வலுவில்லாதவன் என்றால் சம்பியனுக்கே பிழைப்பில்லை. லூயிசுக்கு ஷ்மெலிங் போன்ற ஓர் எதிராளி வேண்டும். கண்டிக்கும் பலமான ஹெவ்லொக் வேண்டும், பலமான சி.எச். அண்ட் எப்.சி. வேண்டும், முக்கியமாக மாத்தறையிலோ குருநாகலிலோ யாழ்ப்பாணத்திலோ முளைக்கும் ஒரு புதிய கழகம் வேண்டும். அது கண்டி தனியாகச் செய்யக்கூடிய காரியமில்லை. ஆகவே கண்டியின் கையில் இருப்பதைப் பேசுவோம்.

நாள் தெரியாத திருவிழா

எசல பெரஹெரா எந்த மாதம் என்று இந்த ஊரில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிரட்பியும் அப்படியே. திகதி சற்று முன்பின்னாகலாம், ஆனால் அது எந்தப் பருவம், யார் வீட்டில் தங்குவது, யாரோடு போவது என்பதெல்லாம் வருடக்கணக்காக முடிவான விசயம். லண்டனிலும் மெல்பனிலும் இருப்பவர்கள்கூட அதற்கேற்ப லீவு எடுக்கிறார்கள். மைதானத்துக்குப் போவது ஒரு பழக்கம். பழக்கத்துக்கு முதல் தேவை மாறாத நாளும் மாறாத நேரமும்.

கழக லீக்குக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஒரு காலத்தில் வருட நடுவில் ஆடினார்கள். பாடசாலைப் பருவத்தோடு மோதுகிறது என்று வருடக் கடைசிக்கும் அடுத்த வருடத் தொடக்கத்துக்கும் தள்ளினார்கள். 2020இல் கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியது. 2022இல் மக்கள் பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்தார்கள், றக்பிக்கு யார் போவது? 2023இல் நிர்வாகத்தில் அரசு தலையிட்டதென்று உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தியது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த அடியில், சனிக்கிழமை மூன்றரை மணி என்றால் நித்தவெல என்றிருந்த ஒரு தலைமுறையின் பழக்கம் அறுந்தது. சனிக்கிழமை பின்னேரத்தை அந்த இடைவெளியில் ரியூசன் வகுப்பும் சுப்பர்மார்க்கெட்டும் பிடித்துக்கொண்டன. ஒருமுறை விட்ட பழக்கம் தானாகத் திரும்பி வராது. யாராவது போய்க் கூப்பிடவேண்டும்.

எனக்குக் கழக நிர்வாகத்தோடு உள்ள முதல் வழக்கே இதுதான். அட்டவணை வெளிவரும் நாளும் முதல் ஆட்ட நாளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன. அட்டவணை தயாரிப்பது இலங்கை றக்பி என்ற தேசிய அமைப்பு, கழகம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சொந்த மைதான ஆட்டங்களை எப்போதும் இந்தக் கிழமை, இந்த நேரம் என்று கேட்டு வாங்கும் அளவுக்கு வலுவுள்ள கழகம் இந்த நாட்டில் ஒன்று உண்டென்றால் அது கண்டிதான்.

இலவச மதுவும் இறைச்சிக்கடைக்காரரும்

கூட்டம் சேர்ப்பது றக்பிக்குப் புதிய கவலை என்று எண்ணவேண்டாம். கல்கத்தாவில் 1873இல் வெள்ளைக்காரர் ஒரு றக்பி கழகம் தொடங்கினார்கள். கழகத்தில் மது இலவசம், உறுப்பினருக்குக் குறைவில்லை. இலவசம் நின்றது, உறுப்பினரும் மெல்லக் கழன்றார்கள். வங்காளத்து வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தோதாகப்பட்டன. மிச்சமிருந்தவர்கள் வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாக நிற்க மூடியில் யானை வைத்த ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் 1879 முதல் ஆடும் கல்கத்தாக் கிண்ணம் அதுதான். உலகின் மிகப் பழைய சர்வதேச றக்பிப் பரிசு, பார்க்கப்போனால், கூட்டம் கலைந்துபோன ஒரு கழகத்தின் நினைவுச்சின்னம். ஓசிக்கு வந்தவன் ஓசி நின்றதும் போவான் என்ற பாடமும் அதில் இருக்கிறது. இலவச டிக்கெட் அள்ளிக் கொடுத்துப் புல்மேட்டை நிரப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நான்கு ஆண்டு கழித்து, 1883இல், ஸ்கொட்லாந்தின் மெல்றோஸ் என்ற சின்ன ஊர்க் கழகத்துக்கும் பணமுடை. நெட் ஹெய்க் என்ற இறைச்சிக்கடைக்காரர் அந்த அணியில் ஆடியவர். ஒரே பின்னேரத்தில் பல அணிகளை ஆடவிட்டால் சனம் வரும், ஆனால் பதினைந்து பேர் கொண்ட அணிகளை வைத்து அது முடியாது, ஏழு பேராகக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். ஓட்டப்பந்தயம், பந்து உதைக்கும் போட்டி எல்லாம் சேர்த்து ஒரு விளையாட்டு விழாவாகவே நடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் கோப்பை கொடுத்தார்கள். அயலூர்களிலிருந்து ரயிலில் வந்திறங்கினார்கள். 2016 முதல் ஒலிம்பிக்கில் இடம்பிடித்திருக்கும் எழுவர் றக்பி, ஒரு ஊர்க் கழகத்தின் கல்லாப்பெட்டியை நிரப்பப் பிறந்த யோசனை.

அண்மைக்காலத்தில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் பாரிஸின் மக்ஸ் குவாசினி. வானொலி நிலையம் நடத்திய இவர் 1992இல் ஸ்டாட் பிரான்சே கழகத்தைக் கையிலெடுத்தபோது அது கீழ்ப்பிரிவில் முடங்கிக் கிடந்தது. 1998இல் பிரான்சின் சம்பியன் ஆனது. வெற்றியால் மட்டும் மைதானம் நிரம்பாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2005இல் துலூசுடனான ஒரு லீக் ஆட்டத்தைத் தேசிய அரங்குக்கே கொண்டுபோய், ஐந்து யூரோவிலிருந்து டிக்கெட் விற்று, பாட்டும் கூத்தும் வைத்து, ஏறத்தாழ 80,000 பேரைத் திரட்டினார். வீரர்களுக்கு ரோசா நிறச் சீருடை மாட்டிவிட்டார். முரட்டு ஆட்டத்துக்கு ரோசாவா என்று பழையவர்கள் முகம் சுளித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்து குவிந்தார்கள். டிக்கெட் மலிவு, ஆனால் இலவசமில்லை. சிறிதாவது காசு கொடுத்தவன் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவான்.

கண்டியும் இதைச் செய்யாத ஊரல்ல. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள் போகம்பறை மைதானத்தில் சர்வதேச எழுவர் றக்பி நடந்தது. நகரின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், பழைய சிறைச்சாலை மதிலுக்குப் பக்கத்தில். ஆட்டம் பார்க்க என்று வராதவனும் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தான். ஹொங்கொங் அணி யார், கொரிய அணி யார் என்று அவனுக்குக் கவலையில்லை. பதினான்கு நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது, நடுவில் பாட்டு. அப்படி உள்ளே நுழைந்தவர்களைப் பிறகு நித்தவெலவுக்கு அழைத்துப்போக ஒரு பாலம் போட்டிருக்கலாம். போடவில்லை.

வாசலுக்கு வெளியே தொடங்கும் ஆட்டம்

நித்தவெல நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகச் சில கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல, வழிதான் பெரிது. சனிக்கிழமை பின்னேரம் மஹியாவையைத் தாண்டி அந்த வீதியில் போகும் பஸ்ஸில் நசுங்கியவருக்குத் தெரியும். ஓட்டோவில் போனால் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குப் போகவர ஆகும் காசு டிக்கெட் காசை விழுங்கிவிடும். சொந்த வாகனம் இருந்தால் நிறுத்த இடமில்லை. மைதான வாசலை அடைவதற்குள்ளேயே பாதிப்பேர் மனம் மாறிவிடுகிறார்கள்.

மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை கட்டுகஸ்தோட்டை வழியாகத்தான் போகிறது. மெல்றோஸ் ஊரார் 1883இல் ரயிலை நம்பிக் கூட்டம் சேர்த்தார்கள். ஆட்ட நாளில் கண்டியிலிருந்து ஒரு சிறப்பு ரயில், அல்லது குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் கழகப் பெயர் எழுதிய இரண்டு பஸ், ஆட்டம் முடிந்ததும் அதே பஸ்ஸில் திரும்பல். டிக்கெட்டைக் காட்டினால் பஸ் கட்டணம் இல்லை. அனுசரணையாளர் தேடும் கழகத்துக்கு இது செலவாகத் தெரிந்தால், அந்த பஸ்ஸின் பக்கவாட்டிலேயே அனுசரணையாளர் பெயரை எழுதி ஊர் முழுக்க ஓடவிடலாம்.

இனி உள்ளே. ஆண்கள் எதையும் சமாளித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில் கட்டப்பட்ட மைதானங்கள் நம்முடையவை, நாடு முழுக்க இதே நிலைதான். தண்ணீர் வரும், கதவு பூட்டும் கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் ஒருமுறை வருவார்கள், இரண்டாம் முறை வரமாட்டார்கள். அம்மா வராவிட்டால் பிள்ளை வராது. இன்று வராத பத்து வயதுப் பிள்ளை இருபத்தைந்து வயதில் டிக்கெட் வாங்காது. நான் ஒரு கழகத்தின் பொருளாளராக இருந்தால் புதிய வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு முன்னால் கழிப்பறைக்குக் காசு ஒதுக்குவேன். வாக்கெடுப்பில் தோற்பேன் என்பதும் தெரியும்.

மழையும் இருக்கிறது. வருடக் கடைசியில் கண்டியில் பின்னேரம் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். புல்மேட்டில் ஒரு பகுதிக்கேனும் தகரக்கூரையோ, அவசரத்துக்குத் தற்காலிகக் கூடாரமோ வேண்டும். நனைவதில் ஒரு சுகம் உண்டு என்று சொல்லும் வயதைக் கடந்தவர்களும் டிக்கெட் வாங்குகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை, அதைச் சனமே பார்த்துக்கொள்ளும். வாசலில் கடலை வண்டி, மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு, அவித்த சோளம், இறால் வடை. இவர்களை வாசலில் விரட்டிவிட்டு உள்ளே ஒரே கன்டீனுக்குக் குத்தகை கொடுக்கும் புத்தி எந்த மைதானத்துக்கும் வரக்கூடாது. இந்த வண்டிக்காரர்கள்தான் ஆட்டம் இருக்கிறது என்று ஊருக்கு முதலில் சொல்பவர்கள். கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டாலே பாதிக்கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும்.

ஆட்டம் பார்ப்பவனுக்கு ஆட்டம் புரியவும் வேண்டும். றக்பி புதியவனை எளிதில் சேர்த்துக்கொள்ளாத விளையாட்டு. மத்தியஸ்தர் ஏன் விசில் ஊதினார் என்று வீரர்களுக்கே சிலவேளை தெரியாது, புல்மேட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? கிரிக்கெட்டில் எவ்வளவு தூரத்திலிருந்தும் புள்ளிப்பலகையைப் பார்த்து நிலைமையை ஊகிக்கலாம். இங்கே பெனால்டியா ப்ரீகிக்கா என்று தெரியாமல் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கி அனுசரணையாளர் பெயரைப் படிக்க மட்டும் இல்லை. என்ன தவறு, யார் தவறு, அடுத்து என்ன என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு வரியில் சொன்னால், மூன்றாம் ஆட்டத்துக்குள் மேட்டிலிருப்பவர்களுக்கும் சட்டம் தெரிந்துவிடும்.

அந்தத் தெளிவு இன்னொரு நோய்க்கும் மருந்து. நித்தவெலக் கூட்டத்தின் ஆரவாரம் எதிரணிகளை மிரளவைப்பது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த ஆரவாரத்தின் பின்பக்கம், மத்தியஸ்தரின் பெற்றோரைப் பற்றி உரத்த குரலில் பேசும் ஒரு கூட்டம். சில போத்தல் உள்ளே போனபின் பேச்சு இன்னும் தடிக்கும். தகப்பனொருவர் மகளை அழைத்துவந்து இந்த வார்த்தைகளைக் கேட்டால் அடுத்த முறை தனியாகத்தான் வருவார், அதற்கடுத்த முறை வரவேமாட்டார். ஹொங்கொங் செவன்ஸின் தெற்கு அரங்கில் குடியும் கூத்தும் கொடிகட்டிப் பறக்கின்றன, ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அந்த அரங்குக்குள் விடுவதில்லை. நித்தவெலவில் குடிப்பவர்களுக்கு ஒரு பக்கம், குடும்பங்களுக்கு ஒரு பக்கம் என்று ஒரு கயிறு கட்ட நிர்வாகசபைத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

பள்ளிக்கூடத்து வாசல்

பிரட்பிக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனைபேர் நித்தவெலவுக்கு வருகிறார்கள்? அவர்கள் நேசிப்பது றக்பியையா, தங்கள் கல்லூரியையா என்ற கேள்வி இங்கே வருகிறது. என் எண்ணத்தில், கல்லூரியைத்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பற்றின் ஒரு நூலைக் கழகத்தோடு முடிய முடியும். கண்டி அணியில் ஆடும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பள்ளியின் பிள்ளை. பாசில் மரிஜா கிங்ஸ்வூட்டின் பிள்ளை. கண்டிக்கு ஆடினார், இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். அவர் கையில் பந்து வந்தால் மைதானம் ஒரு கணம் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. கிங்ஸ்வூட் பழைய மாணவர்களுக்கென்று ஓர் ஆட்டநாள், வித்யார்த்தவுக்கு ஒன்று, சில்வெஸ்டருக்கு ஒன்று என்று ஒதுக்கி, முன்னாட்டமாக அந்தந்தப் பள்ளியின் 14 வயதுக்குட்பட்டவர்களை ஆடவிட்டால், முப்பது சிறுவரோடு முப்பது குடும்பம் வரும். இடைவேளையில் சிறுவர்கள் மைதானத்தில் இறங்கிப் பந்து எறியட்டும். ஆட்டம் முடிந்தபின் பெரியவர்கள் பத்து நிமிடம் வேலியோரம் நிற்கட்டும். கையொப்பம் வாங்கிய பையன் அந்தக் கிழமை முழுக்கக் கழகத்தின் விளம்பரதாரன்.

பெண்களையும் இங்கே மறக்கவேண்டாம். இலங்கைப் பெண்கள் எழுவர் அணி ஆசியத் தொடர்களில் ஆடுகிறது. ஆண்கள் ஆட்டத்துக்கு முன் பெண்கள் ஆட்டமொன்று நடந்தால் மைதானம் இரண்டு மணிக்கே உயிர்பெறும்.

மேட்டிலிருந்து பார்த்தவர்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஏறத்தாழக் கால்வாசி. பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள். நகருக்குள் அந்த விகிதம் இன்னும் கூட. பஜாரில் கடை வைத்திருப்பவர், மஹியாவையில் வசிப்பவர், கட்டுகஸ்தோட்டையில் வியாபாரம் செய்பவர் எல்லாரும் இதில் அடக்கம். நித்தவெலப் புல்மேட்டில் அந்தக் கால்வாசியைத் தேடிப் பார்த்தால், முஸ்லிம் இளைஞர்கள் நன்றாகவே தென்படுவார்கள். அணியிலும் அவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். தமிழர் குறைவு. மலையகத் தோட்டப்பக்கத்திலிருந்து வந்து கண்டியில் வேலைசெய்யும் இளைஞர்கள் அரிது.

இது இன்று நேற்று ஏற்பட்ட தூரமல்ல. டிம்புள்ளக் கழகம் ஆடிய ராதெல்ல மைதானம், டிக்கோயாக் கழகத்தின் தரவளை மைதானம் இரண்டும் தேயிலைக்கு நடுவில் வெட்டிய பச்சை. ஆடியவர்கள் துரைமார். அந்தக் கழகங்களும் ஒருகாலத்தில் நாட்டின் முதல்தர றக்பியில் இருந்தவை. சுற்றியிருந்த மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த ஆட்டம் கண்ணுக்கெட்டியது, காலுக்கு எட்டவில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமார் கப்பலேறியபின் அக்கழகங்கள் மெலிந்தன. தோட்டப் பிள்ளைகளின் விளையாட்டாகக் கிரிக்கெட்டும் கால்பந்தும் வளர்ந்தன. கண்டி அந்தோனியாரில் படித்த முத்தையா முரளிதரன் ஒரு தலைமுறைக்கே கிரிக்கெட்டைக் காட்டிக்கொடுத்தார். றக்பியில் தமிழருக்கு ஆளில்லை என்றில்லை. ஆசியாவின் வேகமான மனிதர் என்று பெயரெடுத்த ஓட்டவீரர் சும்மா நவரத்தினம், 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணிக்கெதிராக இலங்கைக்காக ஆடியவர். ஆனால் அவர் கொழும்பின் பிள்ளை. மலையகத்துக்கு றக்பியில் அப்படி ஒரு பெயர் இன்னும் வரவில்லை.

இந்தத் தூரத்துக்கு விளையாட்டைத் தாண்டிய அர்த்தமும் உண்டு. 2018 மார்ச்சில் திகனவில் தொடங்கிய வன்முறை கண்டி மாவட்டத்தையே ஊரடங்குக்குள் தள்ளியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் இடங்கள் இந்த மாவட்டத்தில் அதிகமில்லை. இருக்கும் ஒன்றிரண்டில் நித்தவெல ஒன்று. அங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது கழகக் கணக்கப்பிள்ளையின் கவலை மட்டுமல்ல என்று நான் சொல்வது அதனால்தான்.

வராதவர்களை அழைப்பதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. சுவரொட்டியில் தமிழ் வேண்டும். குட்ஷெட்டிலும் பஜாரிலும் கோயில் வாசலிலும் அது ஒட்டப்படவேண்டும். ஒலிபெருக்கியில் தமிழ் வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஒரு பயிற்றுநரை மாதமொருமுறை பந்தோடு அனுப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைப் பார்த்து வைக்கவேண்டும். நகரக் கடைகளில் வேலைசெய்யும் பையன்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம், முதலாளி விடமாட்டார். ஞாயிறு பல கடைகள் பூட்டு. அன்றைக்குத்தான் அவர்கள் ஏரிக்கரையில் கூட்டமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இடைவேளையையும் காயத்துக்கு நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து நாலே முக்காலுக்குள் முடிந்துவிடும். கழக பஸ் அவர்களைக் குட்ஷெட்டில் இறக்கிவிட்டால், ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் போகவேண்டியவர்கள் இருட்டுமுன் பஸ் பிடிக்கலாம்.